கோப்ரா படுத்திருந்த ஞாயிறு

எங்கள் தெருவில் யாரும் சிக்ஸ்டன் வீட்டுக்குப் போன் செய்வதில்லை. சர்க்கரை தீர்ந்துபோனாலும் சரி, பனி வாருகிற மண்வெட்டி வேண்டுமென்றாலும் சரி, கோட்டை மாட்டிக்கொண்டு நடந்துபோய்க் கதவைத் தட்டித்தான் கேட்போம். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. சிக்ஸ்டனின் மகள் இல்வாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போய்விட்டது. அப்பனுடையது பொருந்தவில்லை, அம்மாவுக்கு நீரிழிவு. பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருக்கிறார்கள், மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் வீட்டுக்குப் போன் செய்வார்கள், அந்த நேரம் லைன் கிடைக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அவள் அம்மா மைகென் கூட்டுறவுக் கடையில் நின்று ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான். அன்றைக்கே தெரு முழுக்க அந்த நம்பரை மறந்துவிட்டது.

இரண்டு குளிர்காலம் இப்படியே போனது. கடலிலிருந்து ஈரக்காற்று அடிக்கும்போது மூலைவீட்டுக் கிழவி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கோப்பை மாவுக்காக அவர்கள் வீட்டுக்கு வழுக்கி வழுக்கிப் போவதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. வேலி விஷயத்தில் ஒருவரை ஒருவர் கோர்ட்டுக்கு இழுப்பவர்கள்தான். ஆனால் அந்த லைனை எல்லோரும் சேர்ந்து காவல் காத்தோம்.

நான் டாக்சி ஓட்டுகிறவள். என் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி. அவர் முதுகு போன பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. வாரம் மூன்று நாள் இல்வாவை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவது என் பொறுப்பு. போகும்போது முகம் உப்பியிருக்கும், ஆனால் பேசுவாள். தையல் கடையில் வேலை பார்த்தபோது வந்த வாடிக்கையாளர்களைப் போல நடித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைப்பாள். திரும்பும்போது பின்சீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். அவளுக்கு இருபத்தேழு வயது. வண்டியிலிருந்து இறங்க என் தோளைப் பிடித்துக்கொள்வாள்.

வீட்டில் அம்மாக்காரி அவளுக்காக உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைப்பாள். அவள் உடம்புக்கு ஆகாத உப்புச்சத்து இறங்க, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி. ருசியெல்லாம் முதல் தண்ணீரோடு போய்விடும். காலையெல்லாம் மீன் ஆலையில் ஹெரிங் மீனின் வயிற்றைக் கீறிவிட்டு வந்து, அந்தக் கையோடு நின்று இதைச் செய்வாள். இல்வாவுக்குக் காப்பிகூட அளந்துதான். பொம்மைக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு சின்னக் கோப்பை.

அப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிக்ஸ்டனுக்கு நகராட்சிக் குப்பைக் கிடங்கில் வேலை. பழைய சோபா இந்தப் பக்கம், இரும்பு அந்தப் பக்கம் என்று கை காட்டுகிற உத்தியோகம். அவனுக்கு இருந்த ஒரே கிறுக்கு போன். அதுவும் எல்லாப் போனும் இல்லை, கோப்ரா என்கிற ஒரு வகை மட்டும்.

எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் செய்ததுதான் அது. படமெடுத்த பாம்பு மாதிரி கழுத்தை நீட்டி நிற்பதால் அந்தப் பெயர். மற்றப் போன்களைப் போலத் தனியாக ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு ரிசீவர் என்று கிடையாது. எல்லாம் ஒரே துண்டு. மேல்முனையில் கேட்க வேண்டும், கீழே பேச வேண்டும். டயலே அடிப்பாகத்தில்தான் இருக்கும். டயலுக்கு நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். மேசையில் நிமிர்த்தி வைத்தால் பொத்தான் உள்ளே அமுங்கி லைன் மூடிக்கொள்ளும், அப்போதுதான் கூப்பிட்டால் மணி அடிக்கும். தூக்கினால் லைன் திறக்கும். பக்கவாட்டில் படுக்க வைத்தாலும் திறந்துதான் கிடக்கும். யார் கூப்பிட்டாலும் பிஸி என்று வரும். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்கள் வேண்டுமென்றே அதைப் படுக்க வைத்துவிட்டுத்தான் தூங்குவார்கள்.

ஊரில் பாதிப் பெண்கள் அதற்கு டயல் பூட்டியவர்கள். சிக்ஸ்டனும் இளவயதில் அச்சு வார்க்கிற கூடத்தில் இருந்தவன்தான். அதனால் எங்களில் யாருக்கும் அது அழகாகத் தெரிந்ததில்லை. விரல் நகத்தைப் பேர்த்த சாமான், அவ்வளவுதான். பொத்தான் அழுத்துகிற புதுப் போன் வந்ததும் எல்லோரும் கோப்ராவைக் குப்பையில் போட்டோம். போட்டதையெல்லாம் சிக்ஸ்டன் வீட்டுக்குத் தூக்கி வந்தான். "இன்னைக்கு எத்தனை பாம்பு பிடிச்சே?" என்று தெருவில் கேட்பார்கள். அவன் கோபப்படமாட்டான். "ஒண்ணுதான். ஆனா சேப்பு" என்பான்.

சிவப்பு, ஊதா, வெண்ணெய் நிறம், கடல் பச்சை. சோப்புத் தண்ணீரில் துடைத்து, கீறலைப் பற்பசை வைத்துத் தேய்த்து எடுத்து, பின்னறை அலமாரிகளில் வரிசையாகப் படுக்க வைத்திருப்பான். நிற்க வைக்கவே மாட்டான். வருஷக்கணக்கில் நின்றால் பொத்தானின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், டயல் வளையம் தேயும் என்பான். அவனைப் போலச் சேர்க்கிறவர்கள் நாட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு: அடுத்தவன் கோப்ராவைக் கையில் வாங்கிப் பார்த்தால், கம்பளித் துணிமேல் பக்கவாட்டில்தான் திருப்பி வைக்க வேண்டும். நிமிர்த்தி வைப்பவன் ஒன்றும் தெரியாதவன். மைகென் அந்த அறைக்குள் போகவே மாட்டாள். "சவக்கிடங்கு மாதிரி இருக்கு. அத்தனையும் படுத்துக் கெடக்கு" என்பாள்.

ஆஸ்பத்திரிக் காத்திருப்பு தொடங்கியபோது, வீட்டு லைனில் எந்தப் போனை மாட்டுவது என்று புருஷன் பெண்சாதிக்குள் பெரிய சண்டை. பெட்டிமேல் ரிசீவரை வைக்கிற பழைய கறுப்புப் போன் போதும், அதில் தப்பே நடக்காது என்றாள் மைகென். சிக்ஸ்டன் கேட்கவில்லை. அவனிடம் ஒரு வெளிர்பச்சை கோப்ரா இருந்தது. பழைய மாவட்ட ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இடித்தபோது கிடைத்தது. மிக ஆரம்பகாலத்தது, கழுத்து நீளம், இரண்டு பாதியாக வார்த்து ஒட்டிய தையல்கோடு முதுகில் தெரியும். கோப்ராவை முதன்முதலில் வீடுகளுக்கு விற்கவில்லை, ஆஸ்பத்திரிகளுக்குத்தான் கொடுத்தார்கள் என்பான். படுத்த படுக்கையாய் இருக்கிறவர்கள் ஒரு கையால் எடுத்துப் பேசத் தோதாக, எடையே இல்லாமல் செய்தது. இல்வாவின் இடதுகையில் ஊசி போட்டுப் போட்டு வீங்கிக் கிடக்கும், அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது. அவள் படுக்கிற சோபாவுக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் அது நின்றால் படுத்தபடியே எடுக்கலாம்.

"இவளை மாதிரி ஆளுக்குன்னே செஞ்சது" என்றான். அதற்குமேல் மைகென்னால் வாதாட முடியவில்லை. பெருமைக்காக மட்டும் அவன் அதை மாட்டினான் என்று பிறகு தெருவில் பேசினார்கள். அது சரியில்லை. பெருமையும் இருந்தது, மகளும் இருந்தாள். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவனாலேயே முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயில் நிலையத்திலிருந்து ஒரு டேனிஷ்காரரை ஏற்றிவந்தேன். யெப்பே என்று பெயர், கோபன்ஹேகனில் நாற்காலி வடிவமைப்புச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். அவரும் போன் சேர்க்கிறவர். கோப்ராக்களைப் பார்க்கவென்றே கடல் தாண்டி வந்திருந்தார். வழியெல்லாம் எங்கள் ஊர்ச் சாம்பல் நிறத் தொழிற்சாலையை ஏதோ தேவாலயத்தைப் பார்ப்பது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

சிக்ஸ்டன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, தலையை ஈரம் பண்ணிச் சீவி வாசலிலேயே நின்றான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போ என்று என்னையும் பிடித்து உட்கார வைத்தான். கூடத்து மேசையில் பச்சைக் கம்பளித் துணி விரித்திருந்தது. பின்னறையிலிருந்து கூடைகூடையாகக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அதன்மேல் படுக்க வைத்தான். சமையலறையில் மைகென் பன்றிக்கறி வைத்த உருளைக்கிழங்கு உருண்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். இல்வா சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் வெளிர்பச்சைப் போன் நிமிர்ந்து நின்றது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த வீட்டுக்குள் நுழைகிற யாரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இருவரும் பேசிய பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கியது. கழுத்தை ஏன் குட்டையாக்கினார்கள், இரண்டு பாதியை ஒட்டுவதை விட்டு எப்போது ஒரே வார்ப்பாக மாற்றினார்கள், எந்த நிறம் அமெரிக்காவுக்கு மட்டும் போனது. ஒரு ஊதாவைச் சிக்ஸ்டன் முதல் வருஷத்தது என்றான். டேனிஷ்காரர் அடியைத் திருப்பிப் பார்த்து, இல்லை, டயல் பிறகு மாற்றியது என்று காட்டினார். சிக்ஸ்டனுக்கு அதிலும் சந்தோஷம். தான் சொல்வதைத் தப்பு என்று சொல்லும் அளவுக்குக் கவனித்த ஒரு ஆள் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கிடைத்திருக்கிறார்.

"நியூயார்க் மியூசியத்துல இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க தெரியுமா" என்றார் டேனிஷ்காரர்.

"மைகென், கேட்டியா? நியூயார்க்குல வச்சிருக்காங்களாம்."

"அங்கேயே கொண்டுபோய் இதுகளையும் வச்சிட்டு வா. என் அலமாரி காலியாகும்" என்றாள் அவள் உள்ளேயிருந்து. இல்வா சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே கிளம்பினேன். ஒரு கிழவரை அடுத்த ஊரில் அவர் தங்கை வீட்டில் கொண்டுபோய்விட வேண்டியிருந்தது.

ஈரப்பனி விழத் தொடங்கிவிட்டது. கிழவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி ரேடியோ கூப்பிட்டது. டாக்சி நிலையத்துப் பெண். அவள் குரலே சரியில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்களாம். சிக்ஸ்டன் வீட்டு லைன் பிஸியாகவே இருக்கிறதாம். ரொம்ப நேரமாக முயற்சி செய்துவிட்டுக் கடைசியில், இல்வாவை ஏற்றிப்போகிற டாக்சி என்று எங்கள் நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாராவது போய்க் கதவைத் தட்ட முடியுமா என்று கேட்டாள்.

"அவங்க லைன் எப்படி பிஸியா இருக்கும்? யாருமே கூப்பிட மாட்டோமே" என்றேன்.

"அதான் எனக்கும் புரியலை அத்தை. சீக்கிரம் போங்க."

அந்தச் சாலையில் அந்தப் பனியில் எவ்வளவு வேகமாக ஓட்டலாமோ அதைவிட வேகமாக ஓட்டினேன். வண்டி இரண்டு தடவை குறுக்கே திரும்பியது. பெட்டியைக் கட்டச் சொல்ல வேண்டும், நானே ஏற்றிக்கொண்டு நேராகப் பெரிய ஊருக்கு விட்டுவிடலாம், பெட்ரோல் இருக்கிறது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. மேசையில் இடமே இல்லாமல் கோப்ராக்கள் படுத்துக் கிடந்தன. டேனிஷ்காரர் ஒரு சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, சிக்ஸ்டன் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். சோபாவில் இல்வா இல்லை, தன் அறைக்குப் போய்ப் படுத்திருந்தாள்.

"உங்க லைன் பிஸியாவே இருக்காம். ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிடுறாங்க" என்றேன்.

சிக்ஸ்டன் ஜன்னலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். விளிம்பில் ஒன்றும் இல்லை. மைகென் சமையலறை வாசலில் வந்து நின்றாள், கையெல்லாம் மாவு. அவள் யாரையும் கேட்கவில்லை. சுவரில் வயர் புறப்படுகிற இடத்துக்குப் போய், அதைக் கையில் பிடித்துக்கொண்டு, விரல்களுக்குள் ஓடவிட்டபடியே சோபாவைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி மேசைக்கு வந்தாள். வயர் வரிசையின் நடுவில் கிடந்த வெளிர்பச்சையில் போய் முடிந்தது. தையல்கோட்டைக் காட்டுவதற்காக அவன்தான் அதை எடுத்துவந்து, காட்டி முடித்து, மற்றவற்றோடு துணிமேல் படுக்க வைத்திருக்கிறான். மற்ற எல்லாவற்றையும் எப்படி வைத்தானோ அப்படி. அவன் கை அதற்குத்தான் பழகியிருந்தது.

மைகென் அதை நிமிர்த்தி வைத்தாள். மாவு ஒட்டிக்கொண்டது.

இல்வா தூங்கிய முகத்தோடு அறையிலிருந்து வந்தாள். நான் மறுபடி சொன்னேன். அவளே போனை எடுத்து, கவிழ்த்து, அடியில் இருந்த டயலைச் சுழற்றினாள். அவளுக்கு அந்த நம்பர் மனப்பாடம். பேசியது கொஞ்சம்தான். ஆமா, நான்தான் என்றாள். புரியுது என்றாள். அப்புறம் எதிர்முனையில் இருந்தவருக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. இறந்தவர் உடலிலிருந்து எடுத்த சிறுநீரகம் காத்திருக்காதாம். வரிசையில் அடுத்திருந்தவர் வந்துசேர்ந்து, ரத்தமும் பொருந்திவிட்டதாம். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாம் அவர்.

"நல்லவேளை, யாருக்காவது போய்ச் சேந்துச்சே" என்றாள் இல்வா. போனை மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்ப அறைக்குப் போனாள்.

டேனிஷ்காரர் என்ன நடந்தது என்று என் முகத்தைப் பார்த்தார். வாங்க, ரயிலுக்கு நேரமாகிறது என்று அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வண்டியில் சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டார். ரயில் வரும்வரை வண்டியை விட்டு இறங்கவில்லை.

அன்றைக்கே மைகென் கறுப்புப் போனை மாட்டிவிட்டாள். புருஷனோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அழுது சண்டை போட்டிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. சாப்பாட்டை அவன் முன்னால் வைப்பாள், துணியைத் துவைத்து மடித்து வைப்பாள், வார்த்தை மட்டும் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இல்வாவிடம் சொல்வாள், பக்கத்திலேயே அவன் உட்கார்ந்திருக்கும்போது. சிக்ஸ்டன் பின்னறையைப் பூட்டிவிட்டான். வேலை முடிந்து வந்தால் கோட்டைக்கூடக் கழற்றாமல் கறுப்புப் போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். குப்பைக் கிடங்கில் அவனைக் கிண்டல் செய்கிற தைரியம் அதற்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. அதுவும் அவனுக்கு ஒரு தண்டனைதான்.

தெருவிலும் பேச்சு மாறியது. நாங்கள் பனியில் நடந்து நடந்து காத்த லைனை அவன் வெளியாள் ஒருத்தனுக்குப் படம் காட்டித் தொலைத்துவிட்டான் என்றார்கள். மூலைவீட்டுக் கிழவி அவனைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். எனக்கும் அவன்மேல் ஆத்திரம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பனிக்காலம் முடிகிற சமயம் ஒருநாள் இல்வாவுக்கு ரொம்ப முடியவில்லை. மைகென்னுக்கு ஆலையில் லீவு கிடைக்கவில்லை. சிக்ஸ்டன் கூட வந்தான். பின்சீட்டில் மகளோடு உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். மழையும் பனியும் கலந்து கண்ணாடியில் அடித்தது. பாதி வழி போயிருப்போம்.

"அப்பா, அன்னைக்கு நான் பாத்தேன்" என்றாள் இல்வா.

"என்னத்த?"

"அந்தப் போன் படுத்துக் கெடந்ததை. காலிக் கோப்பையெல்லாம் எடுக்க வந்தேன்ல, அப்ப. வயரு ஜன்னல்லேருந்து மேசைக்குப் போயிருந்துச்சு. எனக்கு உடனே தெரிஞ்சிருச்சு."

பின்சீட்டைக் காட்டுகிற கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"நிமித்தி வைக்கலாம்னு கையக்கூட நீட்டினேன். வைக்கலை" என்றாள். "ரெண்டு வருஷமா அது எப்ப அடிக்கும், எப்ப அடிக்கும்னே கெடக்கேன்ப்பா. ரோட்ல சைக்கிள் மணி அடிச்சாக்கூட எந்திரிச்சு உக்காந்துடுறேன். அது படுத்திருந்ததைப் பாத்ததும், கொஞ்ச நேரத்துக்கு இது அடிக்கவே அடிக்காதுன்னு ஒரு நெனப்பு. அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. நீங்களும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. கொஞ்சம் கழிச்சு வச்சுக்கலாம்னு உள்ள போய்ப் படுத்தேன். தூங்கிட்டேன். அந்த மாதிரி நான் தூங்கி எத்தனையோ நாளாச்சு."

சிக்ஸ்டன் கம்பளியை இழுத்து அவள் காலை மூடினான்.

"அம்மாகிட்ட சொல்லிடுறேன்ப்பா. அவங்க உங்ககூடப் பேசாம இருக்கறதைப் பாக்க முடியலை."

"நீ பாக்கலை" என்றான் சிக்ஸ்டன்.

"இல்லப்பா, நான்..."

"கோப்பை எடுக்க வந்த. எடுத்துட்டுப் போன. வேற ஒண்ணையும் நீ பாக்கலை. படுக்க வச்சது நான். அது என் கை." அவன் குரல் உயரவே இல்லை. "இதை இனிமே யாருகிட்டயும் சொல்லக் கூடாது. எங்கிட்டகூட."

அவள் அழுதாள். அவன் அவள் பாதத்தைக் கம்பளியோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தாங்கி இறக்கும்போது என்னைப் பார்த்தான். "நீ ரோட்டைத்தானே பாத்துக்கிட்டு வந்த, குன்போர்?" என்றான். ஆமாம் என்றேன்.

மே மாதம் இல்வா இறந்துபோனாள். ஊசி போடுகிற இடத்தில் தொடங்கிய காய்ச்சல் ரத்தத்தில் கலந்துவிட்டது. வேலியோர லில்லாக் செடி அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது. கறுப்புப் போன் அதுவரை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு மைகென் காப்பியும் ரொட்டியும் கொடுத்தாள். அன்றைக்கு எல்லோருக்கும் உருளைக்கிழங்கை ஒரே தடவைதான் வேகவைத்தாள், பிறகு நினைவு வந்து அடுப்புப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

தெருவில் இன்னும் யாரும் அந்த வீட்டுக்குப் போன் செய்வதில்லை. கூப்பிடலாம் என்று எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் விரல் போகவில்லை.

கோடை முடிவில் மைகென்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வாரா வாரம் போவாள், தனியாகத்தான். புருஷன் வேறு நாளில் போவான். அன்றைக்குத் திரும்பும்போது அவளே பேச்சை எடுத்தாள். தங்கை வீட்டோடு போய்விடலாம் என்று இருக்கிறாளாம்.

"அவன் கெட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா மறந்துட்டான் பாரு. பெத்த பொண்ணு உசுரு அதுல இருக்கு, பேச்சு சுவாரசியத்துல மறந்துட்டான். காலையில எந்திரிச்சு அவன் முகத்தைப் பாத்தா எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம்தான் கேக்குது. எவனாவது ஒருத்தன் வந்து, அவன் மேல தப்பு இல்லைன்னு சொன்னா நல்லா இருக்கும். யாரு சொல்லுவா?"

இல்வா வண்டியில் சொன்னதை அவளிடம் சொல்லிவிட இருந்தேன். அவளை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை நேராகக் குப்பைக் கிடங்குக்கு விட்டேன்.

சிக்ஸ்டன் தகரக் கொட்டகைக்கு வெளியே நின்று பழைய இரும்பைத் தள்ளுவண்டியிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். மைகென் சொன்னதைச் சொன்னேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன், இல்வா கடைசிவரை சொல்லத்தான் நினைத்தாள், நீ வீட்டை இழக்கப்போகிறாய் என்றேன். அவன் கையுறையைக் கழற்றி, உள்ளே இருந்த மண்ணைத் தட்டினான்.

"சொன்னா என்ன ஆகும்?" என்றான்.

"உன் மேல இருக்கற கோபம் கொறையும்."

"கொறைஞ்சு எங்க போகும்? அவளுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும், குன்போர். நான் இருக்கேன். எனக்குச் சோறு போட மாட்டேங்கலாம், எங்கிட்ட பேச மாட்டேங்கலாம், விட்டுட்டுப் போகலாம். மகள் மேல கோபம் வந்தா அவ என்ன செய்வா? வாரா வாரம் பூ வைக்கப் போறாளே, அங்க போய் என்னன்னு நிப்பா?"

அவன் சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியவில்லை. மைகென் அந்த இலையுதிர்காலத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் பெட்டிகளை ஏற்றிப்போனதும் என் வண்டிதான். நான் வாய் திறக்கவில்லை.

அன்றைக்குக் கிடங்கில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு கார் வந்து நின்றது. புதிதாகக் கல்யாணமான ஜோடி, வீட்டைக் காலி செய்கிறார்கள் போல. மெத்தை, உடைந்த விளக்கு, அட்டைப்பெட்டி என்று இரும்புத் தொட்டிக்குள் வீசிவிட்டுப் போனார்கள். பெட்டி உடைந்து அதிலிருந்து ஒரு கோப்ரா வெளியே வந்து விழுந்தது. வெண்ணெய் நிறம். குட்டைக் கழுத்து, சாதாரணமானதுதான்.

சிக்ஸ்டன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தொட்டிக்குள் குனிந்து எடுத்தான். சட்டைக் கையால் தூசியைத் துடைத்தான். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை, எந்த வருஷம் என்று பார்க்கவில்லை. வயரைச் சுருட்டி, கொட்டகை ஜன்னல் விளிம்பில் அதை நிமிர்த்தி வைத்தான். எந்தச் சுவரோடும் சேராத போன் அது. ஆனாலும் பொத்தான் உள்ளே அமுங்குகிற சத்தம் கேட்கும்வரை அதன் தலையிலிருந்து அவன் கையை எடுக்கவில்லை.